கேஸ் மாத்திரை கேட்பதற்கு முன்: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஓர் இதய வழிகாட்டி

எனக்குத் திருவட்டாறு பக்கம் ஒரு சின்ன மருந்துக்கடை. இருபது வருஷத்துக்கு மேலாகிறது. காலையில் ஷட்டரைத் தூக்கி ஊதுபத்தி கொளுத்தி முடிப்பதற்குள் யாராவது ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்து, “அண்ணே, கேஸுக்கு ஒண்ணு குடுங்க” என்பார். பெரும்பாலும் அது கேஸ்தான். ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் செய்த வேலை.

சில வருஷம் முன்பு ஒரு மார்கழிக் காலையில் அப்படி ஒருவர் வந்தார். ரப்பர் வெட்டப் போனவர், பாதி மரத்தோடு நிறுத்திவிட்டுத் திரும்பியிருந்தார். நல்ல குளிர். ஆனால் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வலது கையால் இடது தோளைப் பிசைந்துகொண்டே மாத்திரை கேட்டார். கடையில் கூட்டம். நானும் சப்புகிற மாத்திரை இரண்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போய் அதைச் சப்பிவிட்டு, சோடா குடித்துவிட்டு, படுத்துப் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மத்தியானம் ஆகிவிட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி திரும்ப வரவில்லை. அந்த வேர்வையை நான் பார்த்தேன், பார்த்தும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன்.

நான் டாக்டர் இல்லை. புதிதாக ‘பிரஷர் இருக்கு’, ‘கொலஸ்ட்ரால் கூடுதல்’ என்று எழுதிக் கொடுத்த சீட்டோடு முழித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு, எதை முதலில் செய்ய வேண்டும் என்று கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று சொல்கிறேன்.

நெஞ்சுக்குள் நடப்பது என்ன

இதயம் உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புகிறது. அதன் சொந்தத் தசைக்கு ரத்தம் கொடுப்பது அதன்மேல் ஓடும் மெல்லிய தமனிகள்தான். வருஷக்கணக்கில் அந்தத் தமனியின் சுவருக்குள் கொழுப்பு படிகிறது. எல்லோரும் நினைப்பது, பழைய இரும்புக் குழாயில் துரு ஏறுவது போல அது மெல்ல மெல்ல வளர்ந்து ஒருநாள் முழுக்க அடைத்துவிடும் என்று. மாரடைப்பு பல சமயம் அப்படி வருவதில்லை. படிந்த கொழுப்பின் மேல்மூடி திடீரென்று வெடிக்கிறது. அந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. ரப்பர் பாலில் ஆசிட் விட்டால் சற்று நேரத்தில் கட்டியாகிறதே, அதை நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை. கிட்டத்தட்ட அதுபோலத்தான். பாதி கூட அடைக்காத இடத்திலும் இப்படி உறையலாம். அதனால்தான் போன மாசம் ஈசிஜி நன்றாக இருந்தது என்பது இன்றைய வலிக்குப் பதில் ஆகாது.

முழுக்க அடைத்தால் அரைமணி நேரத்துக்குள்ளேயே தசை சாக ஆரம்பிக்கிறது. செத்த தசை திரும்ப முளைக்காது. தடுப்பது எப்படி என்று பேசுவதற்கு முன் வலி வந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லக் காரணம் இதுதான்.

வலி வந்தால்

முதலில் அடையாளம். ஊசி குத்துவது போல ஒரே புள்ளியில் வருவதை விட, நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தது போன்ற பாரம்தான் அதிகம் பயப்பட வேண்டியது. தாடைக்கும் தொப்புளுக்கும் நடுவில் எங்கேயும் தோன்றலாம்: மேல்வயிறு, தொண்டை, தோள், இரண்டு கைகள், முதுகு. கூடவே குளிர்ந்த வேர்வை, மூச்சு முட்டல், குமட்டல். சில நிமிடம் உட்கார்ந்தும் போகவில்லை என்றால் அதைக் கேஸ் என்று யாரும் தீர்ப்பு எழுத வேண்டாம். ஏப்பம் வந்துவிட்டது, அதனால் கேஸ்தான் என்பதும் கணக்கில் சேராது.

பெண்களுக்கும், பல வருஷம் சர்க்கரை உள்ளவர்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வரலாம். எங்கள் தெருவில் ஒரு மைனிக்கு அப்படித்தான். காலையிலிருந்து பல்லுக்குக் கீழே ஒரு கடுப்பு, இரண்டு தடவை வாந்தி, பாத்திரம் விளக்க முடியாத அளவுக்கு அலுப்பு. “நேத்து கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கல” என்று சொல்லிவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டார். மகள் நர்சிங் படிக்கிற பெண். அவள்தான் விடாமல் வண்டியில் ஏற்றினாள்.

சரி, செய்ய வேண்டியது. நோயாளியை உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். மாடிப்படி இறங்கி, முற்றம் கடந்து, ரோடு வரை அவரை நடத்திக் கூட்டிப் போவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அவரே பைக் ஓட்டிக்கொண்டு போவது அதைவிட மோசம். 108-ஐ அழையுங்கள். மலைப்பக்கம், தோட்டத்துக்குள் வீடு என்றால் ஒரு ஆளை ரோட்டு முக்குக்கு அனுப்புங்கள். ஆம்புலன்ஸ் வழி தேடிச் சுற்றும் நேரமும் இதயத்தின் நேரம்தான்.

அடுத்து, எங்கே போவது. இதில்தான் நம் மாவட்டத்துக்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது. பெரிய வியாதி என்றால் திருவனந்தபுரம். 1956 வரை நாம் அந்தப் பக்கம்தானே. அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தின் பெயர் நமக்கு ரத்தத்தில் ஊறியது, இந்தியாவிலேயே செய்த இதய வால்வை 1990-இல் முதலில் பொருத்தியதும் அங்கேதான். அந்த மரியாதை எனக்கும் உண்டு. ஆனால் மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டர், அதில் களியக்காவிளையும் நெய்யாற்றின்கரையும் பாலராமபுரமும் நெரிசலோடு குறுக்கே நிற்கின்றன. முதலில் ஈசிஜி எடுக்கக்கூடிய பக்கத்து ஆஸ்பத்திரி. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட முடிந்தால் போட்டுவிட்டு, அதன் பிறகு பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள். அந்த ஊசி முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். 12 மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் போட மாட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்குள், மெல்லிய குழாய் விட்டு அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் இடத்துக்குப் போய்ச் சேர முடியும் என்றால் அதுதான் மேல்.

2023-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் நெஞ்சுவலியோடு வருபவருக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அடார்வாஸ்டேட்டின் மூன்றுமாகச் சேர்த்து 14 மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்து மேலே அனுப்புவார்கள். மருத்துவ வசதி தூரமாக இருக்கும் பேச்சிப்பாறை, கடையாலுமூடு பக்கத்து ஆட்களுக்கு இது பெரிய விஷயம்.

அந்த மாத்திரைகளை வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். ஆஸ்பிரினை 108-இல் பேசுபவரோ டாக்டரோ சொன்னால் 300 மில்லிகிராம் மென்று விழுங்கலாம். ஒவ்வாமை உள்ளவர்கள், வயிற்றில் ரத்தக்கசிவு வந்தவர்கள், பக்கவாதம் போலத் தெரிகிறவர்கள் தொடக் கூடாது. பக்கத்து வீட்டுப் பாட்டாவின் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை இரவல் வாங்கிக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். பிரஷர் ஏற்கெனவே தாழ்ந்திருந்தால் ஆளையே சாய்த்துவிடும்.

ஆள் மயங்கி, கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் ஒழுங்காக இல்லை என்றால் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காதீர்கள். கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஐந்து சென்டிமீட்டர் அமுங்கும்படி, நொடிக்கு இரண்டு என்ற வேகத்தில் அழுத்துங்கள். ஒருவர் களைத்தால் அடுத்தவர். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. விலா எலும்பு முறிந்துவிடுமோ என்று கை நடுங்கும். முறிந்தால் சேரும்.

ஆஸ்பத்திரியில் முதல் ஈசிஜி ‘நார்மல்’ என்று வந்தாலும் உடனே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். இதயத் தசை சேதமானதைக் காட்டும் ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள், கொஞ்ச நேரம் கழித்து ஈசிஜியை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கேட்பது தப்பில்லை.

இதையெல்லாம் அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. அதனால் இன்றைக்கே ஒரு வெள்ளைத்தாள் எடுத்து எழுதுங்கள்: 108, பக்கத்தில் 24 மணி நேரமும் ஈசிஜி உள்ள இடம் எது, ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் இடம் எது, அங்கே ராத்திரியிலும் டாக்டர் உண்டா, வீட்டிலுள்ளவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எந்த டப்பாவில் இருக்கிறது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஒரு போன் போட்டு முன்கூட்டியே விசாரிக்க அரைமணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

கடற்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். என் மனைவி வீடு குளச்சல். அங்கேயும் தூத்தூர் பக்கமும் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் ஆகும். போகுமுன் பிரஷர் பாருங்கள். தங்கும் நாளுக்கு மேலே பத்து நாளுக்குக் கூடுதலாக மாத்திரை, ஈரம் படாத டப்பாவில். நடுக்கடலில் ஒருவருக்கு வலி வந்தால் கடலோரக் காவல்படையின் 1554, அல்லது படகு வயர்லெஸ்ஸில் விஎச்எப் சேனல் 16.

எண்கள்

தடுப்பு என்றதும் எல்லோரும் பூண்டு, வெந்தயம் என்று ஆரம்பிப்பார்கள். முதலில் அளந்து பாருங்கள். பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால், இடுப்புச் சுற்றளவு. முப்பது வயது தாண்டிய எல்லோரும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன்பும், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65-க்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால் இன்னும் சீக்கிரம்.

பிரஷர் பார்ப்பதில்தான் அதிகத் தப்பு நடக்கிறது. கடைக்கு மூச்சிரைக்க ஏறி வந்து, டீயைக் குடித்த வாயோடு, போனில் தம்பியோடு வழக்கு பேசிக்கொண்டே கையை நீட்டுவார்கள். வருகிற எண்ணுக்கு என்ன மதிப்பு? டீ, காபி, பீடி எதுவும் அரைமணி நேரத்துக்குள் இருக்கக் கூடாது. முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை இதய மட்டத்தில். இரண்டு தடவை பார்த்து, இரண்டையும் எழுதி வையுங்கள். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரிடம் போக வேண்டும். தலை சுற்றவில்லை, அதனால் பிரஷர் இல்லை என்பது சுத்தப் பொய்.

சர்க்கரைக்கு வெறும்வயிற்றில் 126, அல்லது மூன்று மாதச் சராசரி 6.5 சதவீதம் தொட்டால் அது நீரிழிவு. கொலஸ்ட்ராலில் மொத்தக் கணக்கை விட எல்டிஎல் என்ற வரியைப் பாருங்கள், கெட்ட கொலஸ்ட்ரால் அதுதான். நல்ல உடம்புக்காரருக்கு 100-க்குக் கீழே இருப்பது நல்லது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு 70-க்கும் கீழே இறக்கச் சொல்வார்கள். இடுப்பை இஞ்சு டேப்பால் தொப்புள் மட்டத்தில் அளந்தால் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். இது நம் தெற்காசிய உடம்புக்கான கணக்கு. ஒல்லியாகத் தெரிகிற, ஆனால் வயிறு மட்டும் முன்னால் நிற்கிற ஆட்கள் நம்மில் அதிகம்.

பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வந்து பார்க்கிற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. அந்த அக்கா வரும்போது “எனக்கு ஒண்ணுமில்ல” என்று ஒளிந்துகொள்ளாதீர்கள்.

அடுக்களை

இங்கேதான் சண்டை வரும். குமரிக்காரரிடம் தேங்காய் எண்ணெயைக் குறை சொன்னால் தாயைத் திட்டியது போல. “எங்க பாட்டா தொண்ணூறு வயசு வரை தேங்காண்ண தான்” என்பார்கள். பாட்டா விடிகாலை எழுந்து நடந்த தூரத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு. மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் அது எல்டிஎல்லைக் கூட்டுகிறது. நல்ல கொலஸ்ட்ராலையும் கூட்டும் என்பது உண்மைதான், ஆனால் அதை வைத்து முதல் கணக்கைக் கழித்துவிட முடியாது.

அதற்காக அவியலைக் கடலை எண்ணெயில் தாளிக்கச் சொல்லும் கொடுமைக்காரன் இல்லை நான். எங்கள் வீட்டில் செய்வது இது: துவரனுக்கும் அவியலுக்கும் கடைசியில் பச்சை எண்ணெய் ஒரு ஸ்பூன், மணத்துக்கு. தாளிக்கவும் வதக்கவும் நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ. எல்லா எண்ணெயும் சேர்த்து ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள். மாதம் பிறந்ததும் நாலு பேருக்கு இரண்டு லிட்டரை ஓரமாக எடுத்து வைத்தால் போதும். முதல் மாதம் இருபதாம் தேதியே தீர்ந்துபோனது. அப்போதுதான் எவ்வளவு ஊற்றிக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தது.

மீன் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். சாளை, அயலை இரண்டிலும் இதயத்துக்கு நல்ல ஒமேகா 3 கொழுப்பு நிறைய. விலையும் நெய்மீனைப் போல இல்லை. அதைக் குழம்பாக வைத்தால் லாபம், எண்ணெயில் முக்கிப் பொரித்தால் அந்த லாபத்தில் பாதி போச்சு. கருவாடு வேறு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து கிராம் உப்பு என்கிறது, ஒரு டீஸ்பூன். பழையசோற்றுக்கு ஒரு துண்டு கருவாடும் மாங்காய் ஊறுகாயும் வைத்துக்கொண்டால் காலையிலேயே அதில் நல்லதொரு பங்கு முடிந்துவிடும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். பிரஷர் உள்ளவர்கள் மாதம் ஒருமுறை என்று வைத்துக்கொள்வது நல்லது.

மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, பஞ்ச காலத்துக் கஞ்சி. விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் அதைப் பரப்பியது ஏழை வயிற்றுக்காக. மண்வெட்டி பிடித்தவருக்கு அது சரி. நாற்காலியில் இருப்பவர் தட்டு நிறைய மயக்கிய கிழங்கை ஏற்றினால் அத்தனையும் மாவுச்சத்து. ஒரு கை கிழங்கு, இரண்டு கை மீன்கறி என்று திருப்பிப் போடுங்கள். ஏத்தங்காய் சிப்ஸ், ரசவடை, முந்திரிக்கொத்து எல்லாம் விசேஷத்துக்கு. தினமும் சாயங்காலம் டீக்கடையில் விசேஷம் நடக்கிறது என்பதுதான் நம் பிரச்சினை.

பீடி, நடை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை, எதுவும் கொஞ்சம் என்று கிடையாது. ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று என்பவருக்கும் ஆபத்து கணிசமாகவே இருக்கிறது. விட்ட ஒரு வருஷத்தில், புகையால் கூடிய ஆபத்து பாதியாகக் குறைகிறது. தனியாக விட முடியவில்லை என்றால் நிகோடின் சூயிங்கம் இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். நடை, வாரத்துக்கு 150 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். மழை மாதங்களில் ரோட்டில் இறங்க முடியாது என்பது நியாயமான சாக்கு. வீட்டு வராந்தாவில் நடக்கலாம்.

மாத்திரை

என் தொழில் இது, இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

“பிரஷர் நார்மல் ஆயிட்டு, மாத்திரைய நிறுத்திட்டேன்” என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். மாத்திரை சாப்பிட்டதால்தான் நார்மல். குடை பிடித்ததால் நனையவில்லை, அதனால் மழை இல்லை என்பீர்களா? சில மாத்திரைகளுக்குத் தொல்லை உண்டு. அம்லோடிபின் சிலருக்குக் காலை வீங்க வைக்கும். எனாலாபிரில், ராமிபிரில் சாப்பிடுபவர்களில் சிலருக்கு வறட்டு இருமல் வரும்; இருமல் மருந்து வாங்கியே மாதங்களைக் கழித்தவர்களை எனக்குத் தெரியும். டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்த வேண்டாம். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் வகையை ஒரேயடியாக நிறுத்தினால் நெஞ்சுவலியே வரலாம்.

இன்னொன்று, பலரும் காதில் வாங்காதது. மூட்டுவலி, இடுப்புவலிக்கு நீங்களாக வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் பிரஷரைக் கூட்டும், மாரடைப்பு ஆபத்தையும் கூட்டும். சுமை தூக்குகிறவர்களும் ரப்பர் வெட்டுகிறவர்களும் அதை மிட்டாய் போல வாங்குகிறார்கள். இதய நோய் உள்ளவர் என்றால் கடையில் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

செலவு தாங்கவில்லை என்றால் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் அதே மருந்து வேறு பெயரில் விலை குறைவாகக் கிடைக்கும். எனக்குப் போட்டிதான், இருந்தாலும் சொல்கிறேன். பாதி மாத்திரை, ஒன்றுவிட்டு ஒருநாள் என்று இழுப்பதற்கு அது மேல்.

அடைத்த தமனியைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் இரண்டு மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் ஒருநாள்கூட விடக் கூடாது. விட்டால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே உறையும். பல் பிடுங்கப் போனாலும் முதலில் இதய டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான்.

மார்கழியில் வந்தவர் இப்போது மாதம் முதல் வாரம் தவறாமல் வருகிறார். ரப்பர் வெட்டை மகனிடம் விட்டுவிட்டார். போன மாதம் மருமகள் வீட்டுக் கல்யாணத்துக்குத் திருவனந்தபுரம் போய் இரண்டு நாள் தங்க வேண்டியிருந்தது. மாத்திரைப் பை வீட்டிலேயே கிடந்தது, ஆனால் ஒன்றும் தவறவில்லை. சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். மூன்று நாளுக்கானதை ஸ்ட்ரிப்போடு கத்தரித்து, பஸ் டிக்கெட்டோடு மடித்து வைத்திருந்தார்.